வலது பக்கம், மேலே

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் படக்காரம்மா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே வார்டு ஆயா ஒருத்தி வைத்த பெயர் அது. எக்ஸ்ரே என்ற சொல் வாயில் நுழையாதவர்களுக்கும் படம் நுழைந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் புழங்கியது.

அவளுடைய அறை கீழ்த்தளத்தில், நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. வாசலில் நோயாளிகள் காத்திருக்க ஒரு மரப்பெஞ்சு. உள்ளே சுவரோடு ஒட்டி நிற்கும் கருவி, ஆணியில் தொங்கும் ஈயக் கவசம், அதற்கும் உள்ளே ஃபிலிம் கழுவுகிற இருட்டறை. காலை எட்டு மணிக்கு நுழைந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெயிலைப் பார்ப்பாள். "சட்டையைக் கழட்டுங்க, தாடையை மேல வைங்க, தோளை முன்னாடி தள்ளுங்க, மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிங்க, ம், விடலாம்." இதை ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்வாள். தூக்கத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை அப்படி "மூச்சைப் பிடிங்க" என்று உளறியபோது பக்கத்தில் படுத்திருந்த புருஷன் நிஜமாகவே பிடித்துக்கொண்டாராம்; அவள் "விடலாம்" என்று சொல்லாமல் புரண்டு படுத்துவிட்டாளாம். "அன்னிக்கே என் கதை முடிஞ்சிருக்கும்" என்று அவர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படம் எடுக்கிறவர் படத்தில் என்ன இருக்கிறது என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. அதைச் சொல்வதற்கு மேல்மாடியில் டாக்டர் இருக்கிறார். ஆனால் தண்ணீர் சொட்டச் சொட்ட ஃபிலிமைத் தூக்கி வெளிச்சப் பெட்டியில் மாட்டும் முதல் ஆள் அவள்தானே. இருபத்தாறு வருஷம் பார்த்த கண்ணுக்கு எது எலும்பு, எது நிழல், எது இருக்கக் கூடாத நிழல் என்று தெரியாமல் போகுமா? பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அவள் முகத்தையே பார்ப்பார்கள். "என்னம்மா இருக்கு?" என்பார்கள். "டாக்டர் சொல்லுவாரு" என்பாள், முகத்தில் எதுவும் தெரியாது.

அதில் ஒரே ஒரு ஓட்டை வைத்திருந்தாள். படம் சுத்தமாக இருந்துவிட்டால் அவளால் வாயை அடக்க முடியாது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் தாயைப் பார்த்தால், மாடி ஏறி இரண்டு மணி நேரம் காத்திருக்கட்டும் என்று விட மனசு வராது. "ஒண்ணும் இல்ல, தைரியமாப் போங்க" என்று காதோடு சொல்லிவிடுவாள். வீட்டில் ஒருநாள் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்.

"அப்போ நீ டாக்டர் சொல்லுவாருன்னு சொன்னா ஆள் அவுட்டுன்னு அர்த்தமா?"

"சீ, வாயைக் கழுவுங்க."

அவர் தரைக்குப் பாலிஷ் போடுகிற மேஸ்திரி. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், பேங்க் என்று முப்பது வருஷம் கல்லைத் தேய்த்தவர். மிஷின் ஓடும்போது எழும்பும் தூசிக்கு மூக்கில் துண்டு கட்ட வேண்டும் என்று கூட வேலை செய்கிறவர்களைத் திட்டுவார். தன்னுடைய துண்டை வேர்வை துடைக்கத்தான் வைத்திருப்பார். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் அவர் கண் முதலில் தரைக்குத்தான் போகும். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கும் அப்படித்தான். தன்னைப் பார்க்கவே கூச்சப்படுகிற மாப்பிள்ளை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் தரையில் இருந்த ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே மகள். வேறு ஊரில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. அப்பாவும் அம்மாவும் கல்யாணமான நாளிலிருந்து சொந்தக்காரர் வீட்டைத் தவிர வெளியே ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை என்பது அவளுக்கு ஒரு குறை. அவளே ஏரிக்கரையில் ஒரு விடுதியில் வெள்ளி, சனி இரண்டு நாள் அறை பிடித்து, பஸ் டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்ப வேண்டும். படக்காரம்மா இரண்டு மாதம் முன்பே லீவு எழுதிக் கொடுத்திருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை சாயங்காலம், வீட்டுச் சாவி வாங்க அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரொம்ப நாளாக அவருக்கு ஓர் இருமல். தூசி என்பார், பனி என்பார், கடைசியில் "எங்கப்பாவுக்கும் இப்படித்தான்" என்பார். பெஞ்சு காலியாக இருந்தது.

"வந்ததே வந்தீங்க. அஞ்சு நிமிஷம் நில்லுங்க, ஒரு படம் எடுத்துடறேன்."

"இந்த மூஞ்சியை வெச்சுப் படம் எடுத்தா ஒரு நாள் ஓடுமா?" என்று சட்டையைக் கழற்றினார். மூச்சைப் பிடிக்கச் சொன்னதும் கன்னத்தை உப்பிக்கொண்டு காட்டினார். விடலாம் என்றாள். விட்டார்.

இருட்டறையில் இருந்து ஃபிலிமை எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். வலது பக்கம், மேலே, காறை எலும்புக்குக் கீழே, கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வெள்ளை. ஓரம் உருண்டையாக இல்லை. நட்சத்திரம் வரையத் தெரியாத குழந்தை வரைந்த நட்சத்திரம் மாதிரி நாலா பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஓரத்தை அவள் எத்தனையோ பேர் நெஞ்சில் பார்த்திருக்கிறாள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டாவது வருஷம் பெஞ்சுக்கு வரவில்லை.

படம் பார்த்து அறிக்கை எழுதுகிற டாக்டர் விடுப்பில் இருந்தார். திங்கட்கிழமைதான் வருவார். அவள் ஃபிலிமைப் பழுப்பு உறையில் போட்டுத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். முகத்தைக் கழுவினாள். வெளியே வந்தாள்.

"படம் சரியா விழல. ஃபிலிம்ல வெளிச்சம் பட்டுடுச்சு. திங்கக்கிழமை திரும்ப எடுத்துக்கலாம்."

"நான் அப்பவே சொன்னேன், ஓடாதுன்னு" என்று சாவியை வாங்கிக்கொண்டு அவர் போனார்.

மூன்று நாளில் ஒன்றும் மாறப்போவதில்லை, டாக்டர் வருகிற வரைக்கும் மனுஷன் நிம்மதியாக இருக்கட்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பொய்யில்லாத பேச்சை அன்றைக்கு ராத்திரிக்குள் ஐம்பது தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

விடுதி ஏரியை ஒட்டி இருந்தது. சாப்பாட்டுக் கூடம் தண்ணீர் பக்கம் முழுக்கக் கண்ணாடி. பன்னிரண்டு மேசைகள், எல்லாவற்றுக்கும் வெள்ளை விரிப்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் பெட்டியை அறையில் வைத்துவிட்டு நேராகச் சாப்பிட வந்தார்கள். வாசலிலேயே மேஸ்திரி நின்றுவிட்டார்.

"மொசைக். பழைய வேலை. நல்லாத்தான் போட்டிருக்கான்." செருப்பை விட்டுக் காலை வெளியே எடுத்துப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். "ஆனா பாரு, ஓரத்துல மிஷின் போகல. கையால தேச்சிருக்கணும். யாரு குனியறதுன்னு விட்டுட்டான்."

பரிமாறுகிறவர் வேகமாக வந்தார். கொஞ்சம் சாய்ந்து நடக்கிற, நரைத்த மீசைக்காரர். "சார், ஏதாவது விழுந்துடுச்சா?"

"எதுவும் விழல. உங்க தரையைப் பாத்தேன்."

"ஏன் சார், வழுக்குதா?"

"வழுக்கினாத்தானேங்க அது நல்ல தரை" என்றார் மேஸ்திரி. மீசைக்காரருக்கு அவரை அப்போதே பிடித்துப் போய்விட்டது. கண்ணாடி ஓரத்து மேசையைத் துடைத்துக் கொடுத்தார்.

ஏரி மீனை முழுசாகப் பொரித்துக் கொண்டுவந்தார்கள். கல்யாணமான நாள் முதல் முள் எடுப்பது அவர் வேலை. அவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் காய்ந்துபோன விரல்கள்தான், ஆனால் மீனுக்குள் போனால் ஒரு முள் தப்பாது. சதையை எடுத்து எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் அவருடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் சட்டைப் பொத்தான் ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணினாள். ஒரு நிமிஷத்துக்கு இருபத்திரண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அது அதிகம். மறுபடி எண்ணினாள். இருபத்து மூன்று.

"என்ன, சட்டையில குழம்பு பட்டிருக்கா?"

"இல்ல. சாப்பிடுங்க."

வீட்டில் அவருடைய தட்டுக்கு அவள்தான் போலீஸ். ரத்த அழுத்தம் இருக்கிறது, உப்பு கூடாது, பொரித்தது கூடாது, இனிப்பு ஒரு கரண்டிக்கு மேல் கூடாது. அன்றைக்கு அவர் மீனை முடித்ததும், "இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வந்த இடத்துல என்ன கணக்கு? சாப்பிடுங்கன்னேன்."

"நான் வேண்டாம்னு சொல்லலியே" என்று மீசைக்காரரைக் கையாட்டிக் கூப்பிட்டார். ஆனால் இரண்டாவது மீனைச் சாப்பிடும்போது இரண்டு மூன்று தடவை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஏரியைப் பார்த்தாள். இருமல் வந்தபோது அவர் மேசையில் இருந்த கை துடைக்கும் துணியால் வாயைப் பொத்தினார். கை கழுவ அவர் எழுந்து போனதும், மடித்து வைத்த துணியை அவள் பிரித்துப் பார்த்தாள். சிவப்பாக ஒன்றும் இல்லை. மடித்து இருந்த மாதிரியே வைத்தாள். தண்ணீர் ஊற்ற வந்த மீசைக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் மிதிபடகில் போனார்கள். பாதி ஏரி போவதற்குள் அவருக்கு மூச்சு இழுத்தது. காலை நிறுத்திவிட்டு, "இங்கேருந்து பாத்தா கரை எவ்வளவு அழகா இருக்கு. கொஞ்சம் நின்னு பாப்போம்" என்றார். கரையில் விடுதியின் தண்ணீர்த் தொட்டியும் துணி காயப்போட்ட கொடியும்தான் தெரிந்தன. அவள் "ஆமா, அழகாத்தான் இருக்கு" என்றாள். திரும்பும்போது அவள் தனியாக மிதித்தாள். அவர் காலைச் சும்மா மிதியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடம் நிரம்பியிருந்தது. அவர்களுடைய மேசையை மீசைக்காரர் பிடித்து வைத்திருந்தார். மறுபடியும் மீன். நாலு வாய் போனதும் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. முகம் கறுத்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து முதுகில் தட்டினார். "முள்ளு, முள்ளு" என்றார்கள் நாலு பேர். "ரொட்டியைப் பெருசா உருட்டி முழுங்குங்க சார், முள்ளை இழுத்துட்டுப் போயிடும்" என்று மீசைக்காரர் தட்டை நீட்டினார். ஒரு அம்மாள் வாழைப்பழம் கொண்டுவந்தாள். மேஸ்திரி மரியாதைக்கு எல்லாவற்றையும் விழுங்கினார். இருமல் அதுவாக அடங்கியது. "போயிடுச்சா? போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் தங்கள் இடத்துக்குப் போனார்கள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் வர நேரமாயிற்று.

"முள்ளு இல்ல அது."

"தெரியும்" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவர் துணியை மடித்து மேசையில் வைத்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தட்டில் இருந்த மீனைக் கிளறினாள்.

"நேத்துலேருந்து பாக்கறேன். உப்பு போட்டுக்கிறேன், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற. இனிப்பு ரெண்டு கிண்ணம் சொல்ற. காப்பியில சர்க்கரையை நீயே போட்டுக் கலக்கற. படக்காரம்மா, இருபத்தாறு வருஷத்துல நீ எடுத்த படம் கெட்டுப்போச்சுன்னு நான் கேள்விப்பட்டதே இல்ல. அந்தப் படம் நிஜமாவே கெட்டுப்போச்சா?"

இல்லை என்று சொல்ல நினைத்தாளா, ஆமாம் என்று சொல்ல நினைத்தாளா என்று அவளுக்கே பிற்பாடு ஞாபகம் வரவில்லை. வாய் பழகிய வழியில் போயிற்று.

"டாக்டர் சொல்லுவாரு."

கண்ணாடிக்கு வெளியே ஒரு படகில் யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதிலின் அர்த்தம் ஆஸ்பத்திரிக்கு வெளியே தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"சரி" என்றார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "வியாழக்கிழமையே தெரியும் உனக்கு" என்றார்.

"டாக்டர் திங்கக்கிழமைதான் வராரு. அதுவரைக்கும் நீங்க நிம்மதியா இருக்கட்டுமேன்னு..."

"யாரு நிம்மதியா இருந்தா? நான் முள்ளு எடுத்துப் போடறேன், நீ என்னைப் பிணமாப் பாத்துட்டு உக்காந்திருக்க."

"அப்படிச் சொல்லாதீங்க."

"என் உடம்பு. எனக்கு முன்னாடி உனக்குத் தெரியுது, தெரிஞ்சுட்டு என்னோட படகுல வர. கேட்டா, பெஞ்சுல உக்காந்திருக்கிற ஆளுக்குச் சொல்ற பதிலை எனக்குச் சொல்ற. நான் யாரு உனக்கு?"

குரல் உயரவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கோபம் வந்தால் வீடே அதிரக் கத்திவிட்டு, அடுத்த நிமிஷம் காப்பி கேட்கிற மனுஷன். இப்போது நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னால் தள்ளி, எழுந்து, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஏரிப் பக்கம் போனார்.

அவளும் எழுந்திருப்பாள். அதற்குள் மீசைக்காரர் இரண்டு கிண்ணம் இனிப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். "சார் காத்தாட போயிருக்காரா? நல்லதும்மா. முள்ளு குத்தின இடம் கொஞ்சம் எரியும்" என்றார். திருப்பி எடுத்துப் போகச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். அவள் ஒரு கிண்ணத்தைச் சாப்பிட்டாள். பிறகு மற்றதையும் சாப்பிட்டாள். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் வரைக்கும் அவர் படகுத்துறையின் பலகையில் உட்கார்ந்திருந்தார். அவள் அறை வாசலில் நாற்காலி போட்டு அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை எழுந்து பாதி தூரம் போய்த் திரும்பினாள். வெளிச்சம் குறைந்ததும் அவர் உள்ளே வந்தார். "எனக்குப் பசி இல்ல. நீ போய்ச் சாப்பிடு" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். அவர் இருந்தார். அவர்களுடைய மேசையில் இல்லை. அதற்கு அடுத்ததற்கு அடுத்த மேசையில், தனியாக, தட்டைப் பார்த்துக்கொண்டு. எதிர் நாற்காலியில் தன் துண்டை மடித்து வைத்திருந்தார்.

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கண்ணாடி ஓரத்து மேசையில் போய் உட்கார்ந்தாள். நடு மேசையில் ஒரு புதுத் தம்பதி முட்டையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர் ஒரே தட்டில் இரண்டு கப் காப்பியோடு வந்து, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, நடுவழியில் நின்றார். எந்த மேசையில் வைப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் அவளுக்கு ஒன்று வைத்துவிட்டு, சாய்ந்து சாய்ந்து நடந்து போய் அவருக்கு ஒன்று வைத்தார். சர்க்கரைக் கிண்ணம் ஒன்றுதான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று மறுபடி நின்றார்.

"அங்கயே வைங்க. எனக்கு வேணாம்" என்றார் மேஸ்திரி. மீசைக்காரர் அவளிடம் கொண்டுவந்து வைத்தார்.

அவர் காப்பியைக் குடித்தார். பாதி குடித்துவிட்டு, தலையைத் தூக்காமல், சாதாரணக் குரலில், புதுத் தம்பதியின் தலைக்கு மேலே கேட்டார்.

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்" என்றாள். "மேலே."

"எவ்வளவு பெருசு?"

"கோலிக்குண்டு."

"பெரிய கோலியா, சின்னதா?"

"நடுத்தரம்."

புதுப் பெண் தன் புருஷனைப் பார்த்தாள். பூகோளமா, விளையாட்டா, என்ன பேசுகிறார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். நல்லாப் பாத்தேன். மத்த இடமெல்லாம் சுத்தமா இருக்கு."

"அறுத்து எடுப்பாங்களா?"

"எடுப்பாங்கன்னுதான் நெனைக்கறேன். எடம் எடுக்கற எடம்தான். ஆனா அது டாக்டர்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "எனக்கு நிச்சயமாத் தெரியாதுங்க. தெரிஞ்சதைச் சொல்லிட்டேன்."

அவர் தலையாட்டினார். ஒரு கல்லைப் பற்றி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது அவர் முகம். பிறகு உதடு கோணியது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். அவள் எழுந்து போனாள். எதிர் நாற்காலியில் இருந்த துண்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. மீசைக்காரர் அவளுடைய காப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

மத்தியான பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் காலை பஸ்ஸுக்கே கிளம்பினார்கள். அதற்கு முன்னால் அவர் விடுதி வரவேற்பில் இருந்த போனை வாங்கி மகளுக்குப் பேசினார். "இப்பவே எதுக்குங்க, டாக்டர் பாத்ததுக்கு அப்புறம்..." என்று அவள் இழுத்தாள். அவர் கேட்கவில்லை. "இன்னொருத்தரையும் இருட்டுல வெச்சுட்டு நான் நாடகம் போட முடியாது" என்றார். பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார், கோலிக்குண்டு வரைக்கும். கடைசியில், "ரூம் நல்லா இருந்துச்சும்மா. மீனும் நல்லா இருந்துச்சு" என்று வைத்தார்.

திங்கட்கிழமை டாக்டர் பார்த்தார். மூன்றாவது வாரம் வலது நுரையீரலின் மேல்பாகத்தை அறுத்து எடுத்தார்கள். மகள் ஒரு மாதம் வந்து இருந்தாள். மேஸ்திரி பிழைத்தார், ஆனால் தூசிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றார்கள். மிஷினை விற்றுவிட்டு, டைல்ஸ் கடை ஒன்றில் மேற்பார்வைக்கு உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஐந்து வருஷம் இருந்தார்.

அந்த ஐந்து வருஷமும் அவர் அவளை முழுசாக மன்னித்தார் என்று சொல்ல முடியாது. பாசத்துக்குக் குறைவில்லை. சிரிப்பும் திரும்பி வந்தது. ஆனால் சாப்பிடும்போது அவள் எதிரே உட்கார்ந்து பார்த்தால் மட்டும், "எண்ணாதே" என்பார். அவள் எண்ணவில்லை என்று சத்தியம் செய்வாள். சில நாள் உண்மையாகவே எண்ணியிருக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரியிலும் ஒன்று மாறியது. படம் சுத்தமாக இருந்தாலும் அவள் இப்போது வாயைத் திறப்பதில்லை. நல்ல சேதியை இவள் சொன்னால், சொல்லாமல் விட்டவர்களுக்கெல்லாம் அதுவே கெட்ட சேதி ஆகிவிடும் என்பதை அந்த மேசையில்தான் தெரிந்துகொண்டாள். எல்லோருக்கும் ஒரே பதில். பிள்ளையோடு வந்த தாய்மார்கள் மாடியில் இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் இறங்கி வந்து அவளை முறைத்துவிட்டுப் போவார்கள். கல்நெஞ்சக்காரி என்று ஒருத்தி காதுபடச் சொன்னாள். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்குப் படம் எடுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை போனபோதே அவர் சொல்லிவிட்டார். "நீ எடுக்காதே. இன்னொருத்தர் எடுக்கட்டும். நீ வெளியில இரு. என்னன்னு நான் வந்து சொல்றேன்."

அதனால் சாயங்கால ஷிஃப்டில் வரும் மூக்குக்கண்ணாடிக்காரர்தான் எடுப்பார். அவரிடம் மேஸ்திரி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கட்டுப்பாடு எல்லாம் மற்றவர்களுக்கு, எனக்கு வேண்டாம், இருப்பதை இருந்த மாதிரி சொல்லிவிடு என்று. இருபத்தாறு வருஷமாக உள்ளே இருந்த படக்காரம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சின் பலகை நடுவில் பள்ளமாக இருக்கிறது, நீளமான ஆணி ஒன்று புடவையைக் கிழிக்கப் பார்க்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து, "இந்தத் தடவை ஒண்ணும் இல்ல" என்பார். இருவரும் கேன்டீனில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

நாலாவது வருஷக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வெளியே வர நேரமாயிற்று. அவள் தாழ்வாரத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. சட்டைப் பொத்தான்களை எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்தார். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தேடிப் பிடித்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் அப்படிச் செய்ததில்லை.

"இடது பக்கம்" என்றார். "ரெண்டு இடத்துல இருக்கு. உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அவள் அழுதாள். முகத்தில் எதுவும் காட்டாத அந்தப் படக்காரம்மா தாழ்வாரத்தில் வைத்து, வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதாள். மூக்குக்கண்ணாடிக்காரர் கதவு இடுக்கில் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெஞ்சின் மறுகோடியில், படத்துக்காகக் காத்திருந்த ஒரு அம்மாள் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவளுக்கு இவள் யார் என்று தெரியாது.

"உங்க வீட்டுக்காரருங்களா?" என்று படக்காரம்மாவிடம் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் மேஸ்திரி. "குடி. தண்ணியைக் குடி" என்று பாட்டிலை வாங்கித் திறந்து மனைவியிடம் கொடுத்தார்.

அந்த அம்மாள் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இருவரும் தாராளமாக உட்காருவதற்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.